சபை முன்னே, கட்சி பின்னே: மைசூர் கண்ட வழி

மக்களாட்சி நிலைபெற வேண்டுமாயின் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. மக்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசும் சபை ஒன்று. அப்பிரதிநிதிகளைத் திரட்டி ஒரு கொள்கையின்கீழ் நிறுத்தும் கட்சிகள் மற்றொன்று. சபையின் நம்பிக்கையை இழந்தால் பதவி விலகக் கடமைப்பட்ட அமைச்சரவை மூன்றாவது. இவை மூன்றும் ஒருங்கே தோன்றுவது அரிது. எது முதலில் வந்தது, எது பின்தங்கி வந்தது என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் அரசியல் போக்கு பெரிதும் அமைகிறது.

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கட்சி முந்திக்கொண்டது. குவாமே இங்க்ருமாவின் கட்சி 1957-இல் விடுதலையை ஈட்டித் தந்தது. 1964-இல் அதுவே சட்டம் அனுமதித்த ஒரே கட்சியாயிற்று. இலங்கையில் வாக்குரிமை முந்தியது. 1931-ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களிக்கும் உரிமையை வழங்கியபோது அங்குக் கட்சிகள் வேரூன்றியிருக்கவில்லை. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து ஆட்சி நடத்த வேண்டியிருந்தது. பூட்டானிலோ சபையை மன்னரே அமைத்தார். 1953-இல் தொடங்கிய அச்சபை, கட்சிகள் போட்டியிடும் தேர்தலைக் காண 2008 வரை காத்திருக்க நேர்ந்தது.

பூட்டானின் வழியை அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே தொடங்கிய அரசு ஒன்று தென்னிந்தியாவில் உண்டு. அது மைசூர் சமஸ்தானம். 1881-இல் சபை கூடிற்று. 1917-இல் கட்சி எனத்தக்க அமைப்புத் தோன்றிற்று. 1947-இல்தான் பொறுப்பாட்சி வந்தது. இடைப்பட்ட 66 ஆண்டுகளில் நடந்தவை, அண்டையிலிருந்த சென்னை மாகாணத்து அரசியலும் கன்னட நாட்டு அரசியலும் ஏன் வெவ்வேறு உருவம் பெற்றன என்பதை விளக்குகின்றன.

பஞ்சத்துக்குப் பின் கூடிய சபை

ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய அதிகாரிகளின் நேரடி ஆட்சியில் இருந்த மைசூர், 1881 மார்ச் 25 அன்று பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட நாடு நலிந்த நாடு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் குடிகளை வாரிக்கொண்டு போயிருந்தது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்திருந்தது. ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் கப்பமும் கட்டியாக வேண்டும். இத்தகைய நிலையில் திவான் பொறுப்பை ஏற்றவர் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த தமிழரான செட்டிபுண்ணியம் ரங்காச்சாரியார். வரவும் செலவும் இழுபறியாக இருந்த காலத்தில், குடிகளின் மனத்தை அறியாமல் எதையும் செய்ய இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் நிலமும் செல்வாக்குமுடைய குடியானவர் ஒருவர் அல்லது இருவர், மாவட்டத்துக்குச் சில வணிகர் என்ற முறையில் 144 பேர் அழைக்கப்பட்டனர். 1881 அக்டோபர் 7 அன்று, தசராவை ஒட்டி, மைசூரில் பிரஜா பிரதிநிதி சபை முதன்முறையாகக் கூடிற்று. விழாவுக்கென்று எப்படியும் தலைநகருக்கு வரும் பெரியவர்களை அப்படியே அமர்த்திப் பேசச் செய்தது நிர்வாகச் சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு! திவான் ஆண்டு அறிக்கையைப் படிப்பார். வரவு செலவையும் நடந்த பணிகளையும் இனி நடக்கவிருப்பவற்றையும் எடுத்துரைப்பார். பின்னர் உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளைக் கூறுவர். ஏரிக்கரை உடைப்பு, சாலை, நிலவரி, காட்டுச் சட்டங்களின் கெடுபிடி, பள்ளிக்கூடம் ஆகியவையே பெரும்பாலும் பேசப்பட்டன.

சட்டம் இயற்றும் அதிகாரம் சபைக்கு இல்லை. வரவு செலவுத் திட்டத்தை ஏற்கவோ தள்ளவோ உரிமையும் இல்லை. சபைக்குத் தலைமை தாங்கியவரும் திவானே. இக்குறைகளைக் கொண்டு அதனை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை, அச்சிட்ட கணக்குடன், ஆட்சித் தலைவர் குடிகளின் முன் நின்று பேச வேண்டும் என்ற வழக்கம் அக்காலத்துச் சமஸ்தானங்களில் வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று. வழக்கம் நாளடைவில் உரிமையாகக் கருதப்படுவது இயல்பு. ஓர் ஆண்டு திவான் கணக்குக் கூறினால் அடுத்த ஆண்டு அதைப்பற்றிக் கேள்வி எழும்.

1883 ஜனவரியில் ரங்காச்சாரியார் காலமானார். அவரது நினைவாக எழுந்த மண்டபமே இன்று மைசூருவின் நகர மண்டபமாக விளங்குகிறது. அவரை அடுத்து 1901 வரை திவானாக இருந்த பாலக்காட்டு சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1891-இல், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை புகுத்தப்பட்டது. சொத்துத் தகுதி உடையோருக்கே வாக்கு. ஆகவே வாக்காளர் தொகை மிகச் சிறியது. எனினும் நியமனம் நீங்கித் தேர்தல் வந்தது மாற்றந்தான்.

அதே காலத்தில் ஒரு மனக்கசப்பும் வளர்ந்தது. உயர் பதவிகளில் சென்னையிலிருந்து வந்தோர் நிறைந்திருந்தனர். மைசூர் மைசூர்க்காரருக்கே என்ற முழக்கம் எழுந்தது. 'விருத்தாந்த சிந்தாமணி' இதழை நடத்தியவரும், பிரதிநிதி சபை உறுப்பினருமான எம்.வெங்கடகிருஷ்ணையா, சபையிலும் இதழிலும் அரசைத் தயங்காது கண்டித்தார். மக்கள் அவரை அன்புடன் 'தாதய்யா' என்று அழைத்தனர். 1908-இல் பத்திரிகைகளை அடக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது அவர் தமது இதழ்களை நிறுத்திவிட்டார். சபையில் பேசலாம், அச்சில் பேசக்கூடாது என்ற விந்தையான நிலை அது.

சாதிச் சங்கத்திலிருந்து கட்சி வரை

1907-இல் சட்ட மேலவை அமைக்கப்பட்டது. அதன் சில உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரதிநிதி சபைக்குக் கிடைத்தது. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யா, வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் வினாக்கள் எழுப்பவும் இடமளித்தார். மன்றங்கள் இரண்டாயின, உறுப்பினர் தொகையும் கூடிற்று. ஆயினும் கட்சி இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தாலுகாவின் வழக்கறிஞர் போலவே பேசி வந்தனர்.

கட்சி உருவாவதற்குத் தூண்டுகோலாக இருந்தது கல்வியும் உத்தியோகமும் ஆகும். லிங்காயத்துகள் 1905-இலும் ஒக்கலிகர்கள் 1906-இலும் தத்தம் சங்கங்களை நிறுவி மாணவர் விடுதிகளும் உதவிநிதிகளும் ஏற்படுத்தியிருந்தனர். படித்து வெளியேறிய இளைஞர்கள் அரசு அலுவலகங்களின் வாயிலில் நின்றபோது, உள்ளே பிராமணர்களே மிகுந்திருப்பதைக் கண்டனர். 1917-இல் பிரஜா மித்ர மண்டலி தோன்றியது. பசவையா, சென்னையா, முகம்மது அப்பாஸ் கான் முதலியோர் அதில் முன்னின்றனர். பிராமணரல்லாத இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே அமைப்பில் இணைந்தமை குறிப்பிடத்தக்கது.

மண்டலி செய்தது என்ன? அது மன்னரிடம் தூது சென்றது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். திறமை ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்று கருதிய விஸ்வேஸ்வரய்யா கருத்து வேறுபாட்டால் பதவி விலகினார். 1919-இல் வந்த மில்லர் அறிக்கை, ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பின்தங்கிய வகுப்பினருக்குக் கிடைக்க வழி செய்யுமாறு பரிந்துரைத்தது. பிராமணர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் நீங்கலான அனைவரும் பின்தங்கிய வகுப்பினர் என்ற விரிந்த வரையறையை அது கொண்டிருந்தது. 1921-இல் அரசு இதற்கிணங்க ஆணை பிறப்பித்தது. அமைச்சர் பதவி ஒன்றேனும் வகிக்காமல், பெரிய தேர்தல் எதையும் வெல்லாமல், தோன்றிய நான்கு ஆண்டுகளில் ஓர் அமைப்பு தன் முதன்மையான கோரிக்கையை ஈடேற்றிக்கொண்டது. இவ்வெற்றியே அதன் வளர்ச்சிக்குத் தடையாகவும் ஆயிற்று.

ஒரே மனிதர், இரு மன்றங்கள்

இதனைப் புரிந்துகொள்ளச் சென்னை மாகாணத்தை நோக்க வேண்டும். அங்கு நீதிக்கட்சி 1916-இல் தோன்றியது. கோரிக்கை ஏறத்தாழ ஒன்றே. தலைவர்களின் சமூகப் பின்னணியும் அதிகம் வேறுபட்டதன்று. வேறுபட்டது மன்றத்தின் அமைப்பு. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் இரட்டை ஆட்சி முறை சென்னையில் சில துறைகளையேனும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. நீதிக்கட்சி 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமைச்சரவை அமைத்தது. 1921-இல் தானே வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது.

கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியின் வாழ்க்கை இவ்வேற்றுமைக்குத் தக்க சான்று. அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராகவும் பின்னர்ச் சமஸ்தானக் கல்வித் துறையின் தலைமை அதிகாரியாகவும் பணியாற்றியவர். பிராமணரல்லாத இளைஞர்கள் ஒன்றுகூட ஊக்கமளித்தவர். மைசூரில் அவரும் அவர் நண்பர்களும் செய்யக்கூடியது அரண்மனைக்கு விண்ணப்பித்தல் மட்டுமே. சென்னைக்குச் சென்று சட்டமன்ற உறுப்பினரான அவர், நீதிக்கட்சியிலிருந்து பிரிந்து, 1923-இல் பனகல் அரசரின் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. தோற்றாலும், அமைச்சரவை தன் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. மைசூரின் பிரதிநிதி சபையில் அத்தகைய தீர்மானத்தை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. திவான் உறுப்பினர்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

எண்ணிக்கை தேவைப்படும் இடத்தில் கட்சி கிராமத்தை நாடும். ஒருவரின் மனத்தை மாற்றினால் போதும் என்ற இடத்தில் தலைநகரிலேயே தங்கிவிடும். மண்டலி தலைநகரில் தங்கிவிட்டது. சென்னையில் நீதிக்கட்சியும் ஜமீன்தார்களின் கட்சி என்று பழிக்கப்பட்டதுண்டு. எனினும் வெல்வதும் தோற்பதும் எத்தகையன என்பதை அது தேர்தல்தோறும் கற்றது. 1937-இல் படுதோல்வி அடைந்த பின்னும் கலையாமல், 1944-இல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாக மாறிக் காங்கிரசுக்கு வெளியே நின்றது. 1949-இல் அதிலிருந்து பிரிந்த தி.மு.க. 1967-இல் ஆட்சியைப் பிடித்தது.

மைசூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. தத்துவப் பேராசிரியரும் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைத் தழுவி 1923-இல் சீர்திருத்தம் வந்தது. சட்டங்களும் புதிய வரிகளும் வருமுன் பிரதிநிதி சபையைக் கலந்தாலோசித்தல் கட்டாயமாயிற்று. சொத்துத் தகுதி தளர்த்தப்பட்டது. பெண்களுக்கிருந்த தடை நீங்கிற்று. ஆனால் அமைச்சரவை திவானுடையதாகவே நீடித்தது. 1926-இல் திவானான மிர்சா இஸ்மாயில் சாலைகளும் தொழிற்சாலைகளும் அமைத்துச் சமஸ்தானத்துக்குப் புகழ் சேர்த்தார். அதிகாரத்தைப் பகிர்வதில் மட்டும் அவர் கை தாராளமாக இருக்கவில்லை. மண்டலி தளர்ந்தது. 1930-இல் பிரஜா பட்சம் என்ற புதிய அமைப்புத் தோன்றியது. 1934-இல் இரண்டும் கலந்து பிரஜா சம்யுக்த பட்சமாயின. அப்போதும் அரண்மனைக் கதவு முன்போல் திறக்கவில்லை. அண்டையிலோ 1937-இல் காங்கிரஸ் தேர்தலில் வென்று சென்னையில் அரசு அமைத்தது. அதே ஆண்டில் சம்யுக்த பட்சத்தினர் காங்கிரசில் இணைந்தனர்.

இவ்விணைப்பின் விளைவு பெரிது. பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களிடையே இயங்கி வந்த மைசூர்க் காங்கிரசுக்கு ஒக்கலிகர், லிங்காயத்து நிலவுடைமையாளரின் கிராமச் செல்வாக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் எதிரெதிரே நின்ற இரு நீரோட்டங்கள் மைசூரில் ஒரே ஆற்றில் கலந்தன.

சிவபுரம் முதல் அரண்மனை வாயில் வரை

1938 ஏப்ரலில் மண்டியாவை அடுத்த மத்தூருக்கு அருகே சிவபுரத்தில் தடையை மீறித் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. அதே மாதம் 25-ஆம் நாள் விதுராசுவத்தத்தில் கூடிய மக்கள்மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர், பலர் உயிரிழந்தனர். சர்தார் படேலின் தலையீட்டால் மே மாதம் உடன்பாடு ஏற்பட்டு, மைசூர்க் காங்கிரசை அரசு அங்கீகரித்தது. 1881 முதல் தசராவுக்கு மைசூர் சென்று குறை கூறி வந்த குடியானவர், இப்போது தம் ஊர்த் திடலிலேயே கூடினார். 57 ஆண்டுகள் சபை கற்பிக்காத ஒன்றை இருமாதக் கிளர்ச்சி கற்பித்தது என்பது மிகையாகலாம். ஆனால் கட்சி கிராமத்துக்குச் சென்றது அப்போதுதான்.

1940-இல் மற்றொரு சட்டம் இரு மன்றங்களையும் விரிவாக்கிற்று. 1941-இல் பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் மைசூர் மாவட்டம் உன்சூர் தாலுகா கல்லஹள்ளியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தேவராஜ் அர்ஸ்.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. மைசூர் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. பொறுப்பாட்சி மட்டும் வரவில்லை. திவானாக இருந்தவர் தமிழ்நாட்டவரான ஆர்க்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியில் முன்னணியில் இருந்தவர். செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி மூண்டது. மாணவரும் தொழிலாளரும் குடியானவரும் அரண்மனையை நோக்கித் திரண்டனர். அக்டோபர் இறுதியில் கே.செங்கலராய ரெட்டி முதலமைச்சரானார். பிரஜா பட்சத்தில் அரசியலைத் தொடங்கியவர் அவர் என்பதை நினைவுகூர வேண்டும். 1949 டிசம்பரில் பிரதிநிதி சபை கலைக்கப்பட்டது. 68 ஆண்டுகள் அது வாழ்ந்திருந்தது.

ஒரே கட்சிக்குள் பல கட்சிகள்

1952-ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் மைசூர் மாநிலச் சட்டமன்றத்தின் 99 இடங்களில் 74 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடந்தன. உண்மையான போட்டி கட்சிக்குள்ளேயே நடைபெற்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னடம் பேசும் பகுதிகள் ஒன்றிணைந்தபோது லிங்காயத்துகளின் எண்ணிக்கை பெருகவே, ஒக்கலிகர் பக்கம் சாய்ந்திருந்த தராசு மறுபக்கம் தாழ்ந்தது. நிஜலிங்கப்பா முதல்வரானார். இம்மாற்றம் வேறொரு கட்சியின் வெற்றியால் நிகழவில்லை.

1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது நிஜலிங்கப்பா ஒரு பிரிவுக்குத் தலைவராக நின்றார். மறுபிரிவைக் கன்னட நாட்டில் கட்டியெழுப்பியவர் தேவராஜ் அர்ஸ். இரு பெருஞ்சாதிகளின் பிடிக்கு வெளியே இருந்த சிறு சாதியினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அவர் இடமளித்தார், 1972-இல் வென்றார். அவர் அமைத்த ஹாவனூர் ஆணையம் 1975-இல் அறிக்கை தந்தது. மில்லர் குழு பின்தங்கியோர் என ஒரே திரளாகக் கண்ட மக்களை அவ்வாணையம் பிரித்து ஆராய்ந்து, உண்மையில் பின்தங்கியோர் யாவர் என்று வினவிற்று. 1983-இல் காங்கிரசல்லாத முதல் அரசை அமைத்த இராமகிருஷ்ண ஹெக்டே, நிஜலிங்கப்பாவின் வழிவந்தவர். ஆக, தமிழ்நாட்டில் மாற்றுக் கட்சி வெளியிலிருந்து வந்தது. கருநாடகத்தில் அது வீட்டினுள் இருந்தே பிரிந்து சென்றது. பின்னாளில் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்தபோதுதான் அந்த மரபுக்கு வெளியிலிருந்து ஒரு கட்சி தலைமையேற்றது.

ஹெக்டே அரசில் ஊரக வளர்ச்சி அமைச்சராயிருந்த அப்துல் நசீர் சாகிபின் பணி தனியே கூறத்தக்கது. ஊர்தோறும் குடிநீர்க் குழாய்க்கிணறுகள் தோண்டச் செய்தமையால் மக்கள் அவரை 'நீர் சாப்' என்றே அழைத்தனர். 1983-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஜில்லா பரிஷத்துகளுக்கும் மண்டல ஊராட்சிகளுக்கும் அதிகாரமும் நிதியும் வழங்கியது. பெண்களுக்கு 25 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. 1987-இல் நடந்த தேர்தலில் மண்டல ஊராட்சி அளவிலும் கட்சிகள் சின்னத்துடன் போட்டியிட்டன. நாடு முழுமைக்கும் ஊராட்சிக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்த 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. அவர் பெயர் தாங்கிய ஊரக வளர்ச்சி நிறுவனம் மைசூருவில் அமைந்து, ஊராட்சி உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

புதிய அமைப்பு ஒரே சீராக நிலைத்துவிடவில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கிராம ஊராட்சித் தேர்தலிலிருந்து கட்சிச் சின்னங்கள் விலக்கப்பட்டன. தாலுகா, மாவட்ட அளவில் மட்டும் அவை தொடர்ந்தன. ஊர் ஒற்றுமை கெடும் என்பது கூறப்பட்ட காரணம். சின்னம் இல்லையெனினும் எவர் எந்தக் கட்சியின் ஆதரவாளர் என்பதை ஊரார் அறிவர். இதனால் நேர்ந்த இழப்பு வேறு: ஏரி தூர்வாரப்படாவிட்டால் வாக்காளர் உறுப்பினரைக் கேட்கலாம், அவர் பின்னுள்ள கட்சியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க முடியாது. மாவட்ட, தாலுகா ஊராட்சிகளின் பதவிக்காலம் 2021-இல் முடிந்தபோது தொகுதி வரையறையும் இடஒதுக்கீடும் பற்றிய சிக்கல்களால் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அக்காலத்தில் அவற்றை நடத்தியவர்கள் அரசு நியமித்த நிர்வாக அதிகாரிகள். தங்கள் பகுதியின் குறையைச் சொல்ல வேண்டிய மக்கள் அவர்களிடமே மனு எழுதிக் கொடுத்தனர்.